கட்டுரை வகைத் தேர்வும் கொள்குறி வகைத் தேர்வும்: ஓசூர் எல்லைப் பகுதி மாணவர்களின் ஆயத்தம்

கட்டுரை வகைத் தேர்வு என்பது வினாவுக்கான விடையை மாணவர் தம் சொந்தச் சொற்றொடர்களில் எழுதும் தேர்வு முறையாகும். கொள்குறி வகைத் தேர்வு என்பது வினாவுடன் தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் முறையாகும். இது புறவயத் தேர்வு எனவும் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவ்விரண்டும் ஒரே வினாத்தாளில் இடம்பெறுகின்றன. உதவித்தொகைத் தேர்வுகள், உயர்கல்வி நுழைவுத் தேர்வுகள், அரசுப் பணித் தேர்வுகள் ஆகியவற்றில் பெரும்பாலும் கொள்குறி வகை மட்டுமே கேட்கப்படுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதி, கருநாடக எல்லையை ஒட்டிய தொழில் நகர்ப்பகுதியாகும். இங்குள்ள மாணவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு, கன்னடம் அல்லது உருது பேசுகின்றனர். ஒரு பாடத்தை நன்கு புரிந்துகொண்ட மாணவர்கூட, அதை எழுத்தில் வெளிப்படுத்தும் மொழியில் தடுமாறினால் நெடுவினாவில் மதிப்பெண் இழக்கிறார். எனவே எந்த வகைத் தேர்வு எதை அளக்கிறது என்பதை அறிந்து ஆயத்தம் செய்வது இப்பகுதி மாணவர்களுக்குக் கூடுதல் தேவையாக உள்ளது.

இரு வகைகளின் தன்மை

கட்டுரை வகை வினா, மாணவர் தம் நினைவிலிருந்து கருத்துகளைத் திரட்டி, வரிசைப்படுத்தி, சொற்களாக்கும் திறனை அளக்கிறது. சிந்தனையின் போக்கைக் காட்ட இது ஏற்றது. ஆனால் ஒரு தேர்வில் சில பகுதிகளை மட்டுமே இவ்வாறு கேட்க இயலும். மதிப்பெண், திருத்துபவரைப் பொறுத்து மாறவும் கூடும்.

கொள்குறி வகை வினா, சரியானதை இனங்காணும் திறனை அளக்கிறது. குறைந்த நேரத்தில் பாடம் முழுவதையும் தொட்டுக் கேட்க முடியும். யார் திருத்தினாலும், இயந்திரமே திருத்தினாலும், மதிப்பெண் மாறாது. எனினும் தெரியாமல் ஊகித்தும் மதிப்பெண் பெற வாய்ப்பு உண்டு. நான்கு விடைகள் உள்ள 14 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தாலும் சராசரியாக மூன்று அல்லது நான்கு சரியாக அமைந்துவிடும்.

கொள்குறி வகை எளிது, கட்டுரை வகை கடினம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இது முழு உண்மையன்று. ‘கூற்று – காரணம்’ வகை வினாக்களில் இரண்டு வாக்கியங்களும் சரியா என்பதோடு, ஒன்று மற்றொன்றை விளக்குகிறதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பாடத்தை மனப்பாடம் மட்டும் செய்தவர் நெடுவினாவை எழுதிவிட்டு, இவ்வகை ஒரு மதிப்பெண் வினாவில் தவறுவது உண்டு.

வரலாறு

எழுத்துத் தேர்வின் மிகப் பழைய மரபு சீனாவின் அரசுப் பணித் தேர்வுகளாகும். அவை 1905 வரை நடைபெற்றன. தமிழகத்தில் 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வு, பள்ளிக் கல்வியின் இலக்காக விரிவான எழுத்துத் தேர்வை நிலைநிறுத்தியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியில் பயின்ற இராஜாஜி, 1891இல் மெட்ரிகுலேசன் தேறி, பெங்களூரு மத்தியக் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தார். படிப்புக்காக எல்லையைக் கடப்பது இப்பகுதியில் நெடுங்கால வழக்கமாகும்.

கட்டுரை விடைகளைத் திருத்துவதில் உள்ள வேறுபாட்டை அமெரிக்காவின் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகியோர் 1912, 1913ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் வெளிப்படுத்தின. ஒரே விடைத்தாளின் படிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தினர். வடிவியல் விடைத்தாள் ஒன்றுக்கு ஒருவர் 100க்கு 30ஐவிடக் குறைவாகவும், மற்றொருவர் 90ஐத் தாண்டியும் மதிப்பெண் அளித்தனர். இதே காலத்தில் கான்சாசு மாநிலத்தில் பிரடெரிக் கெல்லி பலவுள் தெரிவு வினாக்களைக் கொண்ட வாசிப்புத் தேர்வை உருவாக்கினார். முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்தோரைச் சோதிக்க இம்முறை பெருமளவில் பயன்பட்டது.

இந்தியாவில் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49) தேர்வுச் சீர்திருத்தத்தை மிக முதன்மையானதாக வலியுறுத்தியது. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1950களின் பிற்பகுதியில் இந்தியா வந்து மதிப்பீட்டுப் பயிலரங்குகளை நடத்தினார். நெடுவினா, சிறுவினா, கொள்குறி வினா ஆகிய மூன்றும் கலந்த வினாத்தாள் இத்தகைய சீர்திருத்த முயற்சிகளின் வழியே பள்ளிகளில் பரவியது.

ஓசூர்ப் பகுதியின் மொழிச் சூழல்

சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்த பின், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் ஓசூரில் நிலைபெற்றன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசும் மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். இதனால் ஒரே வகுப்பில் மூன்று அல்லது நான்கு வீட்டு மொழிகள் இருப்பது இங்கு இயல்பு.

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2006–07இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்து, 2015–16இல் இது பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் மாணவர்கள் தங்கள் தாய்மொழித் தாளை எழுத அனுமதி கோரி நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் வெவ்வேறு ஆண்டுகளில் விலக்கு அளித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. தமிழ் ஆசிரியர் போதிய அளவில் இல்லாத பள்ளியில் படித்த மாணவர், தமிழில் நெடுவினா எழுதித் தேற முடியுமா என்பது இவ்வழக்குகளில் எழுந்த முக்கியக் கேள்விகளுள் ஒன்று.

வீட்டு மொழி வேறாக உள்ள மாணவர்களின் எழுத்தில் சில பிழைகள் ஏற்பட மொழியமைப்பே காரணமாகிறது. இன்றைய தெலுங்கு, கன்னட எழுத்துமுறைகளில் ‘ழ’கரம் வழக்கில் இல்லை, ‘ள’கரம் உண்டு. எனவே ‘வாழை’, ‘வாளை’ போன்ற சொற்களில் மயக்கம் வருகிறது. ‘ர’, ‘ற’ வேறுபாடும், ‘ந’, ‘ன’ வேறுபாடும் இத்தகையன. ஒலி ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் சொற்களும் உள்ளன. தெலுங்கில் ‘அவசரம்’ என்பது ‘தேவை’யைக் குறிக்கும், தமிழில் அது விரைவைக் குறிக்கும். “பயிருக்கு நீர் அவசரம்” என்று எழுதும் மாணவருக்குப் பாடம் தெரியும். திருத்துபவருக்குத்தான் அது புலப்படாமல் போகலாம்.

வினாத்தாள் அமைப்பு

2019–20ஆம் கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றின் இரு தாள்கள் ஒரே தாளாக இணைக்கப்பட்டன. மொத்த மதிப்பெண் 500. தேர்வு நேரம் 3 மணி. வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் தனியே 15 நிமிடங்கள் தரப்படுகின்றன. இதன் பின்னர் வழக்கிலுள்ள வினா அமைப்பு பின்வருமாறு:

• தமிழ் (100): ஒரு மதிப்பெண் 15, இரண்டு மதிப்பெண் 9, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5, எட்டு மதிப்பெண் 3.
• கணிதம் (100): ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. எட்டு மதிப்பெண் வினாக்கள் செய்முறை வடிவியலும் வரைபடமும் ஆகும்.
• அறிவியல் (எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25): ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் 7, நான்கு மதிப்பெண் 7, ஏழு மதிப்பெண் 3.
• சமூக அறிவியல் (100): ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2.

இவை விடையளிக்க வேண்டிய வினாக்களின் எண்ணிக்கையாகும். இரண்டு, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் பெரும்பாலும் கூடுதல் வினாக்கள் தரப்பட்டு, தெரிவு அனுமதிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று கட்டாய வினாவாக இருப்பதுண்டு. அதை விட்டுவிட்டு வேறு வினாக்களை எழுதினால் அதற்குரிய மதிப்பெண் கிடைக்காது.

கொள்குறி வினாக்களின் பங்கு ஏறத்தாழ ஏழில் ஒன்றே என்பதை இப்பட்டியல் காட்டுகிறது. மீதமுள்ள மதிப்பெண்களில் பெரும்பகுதி எழுதும் திறனைச் சார்ந்தது. எனவே ஒரு மதிப்பெண் வினாத் தொகுப்புகளை மட்டும் படித்து நல்ல தேர்ச்சி பெறுவது கடினம்.

ஒரே பாடம், மூன்று வினாக்கள்

ஓசூருக்கு அருகே ஓடும் தென்பெண்ணை ஆற்றை எடுத்துக்கொண்டால், ஒரே செய்தி வெவ்வேறு வகைகளில் கேட்கப்படும் விதம் விளங்கும்.

கொள்குறி வினா: கிருஷ்ணகிரி அணை எந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது? அ) காவிரி ஆ) பாலாறு இ) தென்பெண்ணை ஈ) வைகை.

இதில் தவறான விடைகள் காரணத்தோடு வைக்கப்பட்டுள்ளன. பாலாறும் கருநாடகத்தில் தோன்றித் தமிழ்நாட்டுக்குள் வருவது. காவிரி அண்டை மாவட்டமான தருமபுரியின் ஒகேனக்கலில் விழுகிறது. ‘கருநாடகத்திலிருந்து வரும் ஆறு’ என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் இவ்விரண்டில் ஒன்றைக் குறிக்கக்கூடும். வைகை மதுரைப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் முதலிலேயே நீக்கிவிடலாம்.

குறுவினா (2 மதிப்பெண்): தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே உள்ள அணைகள் இரண்டினைக் கூறு.

விடை: கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. இங்கு முன்னுரையோ விளக்கமோ தேவையில்லை. இரண்டு பெயர்களைச் சரியாக எழுதினால் போதும்.

ஐந்து மதிப்பெண் வினா: தென்பெண்ணை ஆறு பற்றி விவரி.

இதற்கு மாணவர் ஐந்து தலைப்புகளைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். தோற்றம்: கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதி. போக்கு: கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்கள். துணையாறுகள்: மார்க்கண்டேய நதி, பாம்பாறு, வாணியாறு. அணைகள்: ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி, பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர். முடிவிடம்: கடலூர் அருகே வங்காள விரிகுடா. ஆற்று நீர் மாசடைந்து கெலவரப்பள்ளி அணைப்பகுதியில் நுரை பொங்குவது செய்திகளில் அடிக்கடி வருகிறது. அதைச் சூழல் சிக்கல் என ஒரு வரியில் சேர்க்கலாம். ஒரு சிறு வரைபடமும் வரைந்தால் விடை தெளிவாகும்.

முதல் வினாவுக்கு இனங்காணல் போதும். இரண்டாவதற்கு நினைவுகூர்தல் வேண்டும். மூன்றாவதற்கு நினைவுகூர்தலுடன் ஒழுங்குபடுத்தலும் வேண்டும். ஐந்து தலைப்புகளோடு படித்தவருக்கு முதல் இரண்டு வினாக்களும் தாமாகவே எளிதாகின்றன. இதன் மறுதலை உண்மையன்று.

ஆயத்தம்

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது, தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகிறது. நினைவில் நிற்பதை உறுதிசெய்வதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைப் பலமுறை படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, ஒருமுறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 விழுக்காடும், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் 40 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே சிறந்த ஆயத்தம் என்பதற்கு இது சான்றாகும்.

இதனைப் பின்வரும் முறையில் செய்யலாம்:

1. பாடத்தை ஒருமுறை முழுமையாகப் படித்து, ஒவ்வொரு நெடுவினாவுக்கும் ஐந்து முதல் எட்டு குறிப்புச் சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளுதல்.
2. புத்தகத்தை மூடி, குறிப்புச் சொற்களைக் கொண்டு விடையை எழுதுதல். பின் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதை வேறு நிற மையில் சேர்த்தல்.
3. மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இடைவெளி விட்டு அதே வினாவுக்கு மீண்டும் குறிப்புகளை எழுதிப் பார்த்தல்.
4. ஒரு மதிப்பெண் வினாக்களைப் படிக்கும்போது, சரியான விடையோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் சொல்லிப் பார்த்தல்.
5. வாரம் ஒருமுறை பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை நேரம் குறித்து முழுமையாக எழுதுதல்.

வீட்டில் வேறு மொழி பேசும் மாணவர், முதலில் விடையைத் தம் வீட்டு மொழியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது பயன் தரும். கருத்து தெளிவாக உள்ளதா என்பது அப்போது தெரிந்துவிடும். அதன்பின் தேர்வு மொழியில் சிறு வாக்கியங்களாக எழுதலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து என்ற அளவு பிழையைக் குறைக்கும். ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களைத் தனிக் குறிப்பேட்டில் வீட்டு மொழிப் பொருளோடு எழுதி வைப்பதும் நன்று. பெற்றோர் ஆலையில் ஷிப்டு முறையில் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பாடம் கேட்டு உதவ ஆள் இல்லாத நேரம் அதிகம். இரு மாணவர்கள் சேர்ந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வது அக்குறையை ஓரளவு நிறைவு செய்யும்.

கட்டுரை வகை வினாக்களுக்கு விடையளித்தல்

வினாவில் உள்ள ஏவற்சொல்லை முதலில் கவனிக்க வேண்டும். ‘வரையறு’ என்றால் இலக்கணம் மட்டும். ‘வேறுபடுத்துக’ என்றால் இரு பக்கமும் எதிரெதிராக. ‘காரணம் கூறு’ என்றால் விளைவு அன்று, காரணமே. ‘விவரி’ என்றால் பல கூறுகளையும் தொட்டு எழுத வேண்டும். வேறுபாடு கேட்ட வினாவுக்கு ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினாலும் பாதி மதிப்பெண்ணே கிடைக்கும்.

பொதுத்தேர்வு விடைத்தாள்கள் அரசு வழங்கும் விடைக்குறிப்பின்படி திருத்தப்படுகின்றன. பக்க எண்ணிக்கைக்கு அன்றி, விடைக்குறிப்பில் உள்ள கருத்துகளுக்கே மதிப்பெண். ஆகவே ஒவ்வொரு கருத்தையும் தனிப்பத்தியாகவோ எண்ணிட்டோ எழுதுவது நல்லது. துணைத் தலைப்புகளை அடிக்கோடிடலாம். கணிதத்தில் படிநிலைகளுக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை தவறினாலும் வாய்பாடும் சரியான படிகளும் மதிப்பெண் பெற்றுத்தரும். அறிவியல் கணக்குகளில் அலகு எழுதாமல் விடுவது மதிப்பெண் குறையக் காரணமாகிறது.

மொழிப்பாடக் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற அமைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. எழுதத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் செலவிட்டுத் தலைப்புகளைக் குறித்துக்கொண்டால், கூறியதையே திரும்பக் கூறுவது தவிர்க்கப்படும்.

கொள்குறி வகை வினாக்களுக்கு விடையளித்தல்

பத்தாம் வகுப்புத் தேர்வில் கொள்குறி வினாவுக்குக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். மேலே கண்ட வினாவுக்கு ‘இ) தென்பெண்ணை’ என்பதே முழு விடை. குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எந்த வினாவையும் வெற்றாக விடக்கூடாது.

பின்பற்றத்தக்க வரிசை:

• விடைகளைப் பார்க்கும் முன் வினாவை முழுதும் படித்து, விடையை மனத்தில் கூறிப்பார்த்தல்.
• ‘அல்லாதது’, ‘பொருந்தாதது’, ‘தவறானது’ போன்ற எதிர்மறைச் சொற்களை வட்டமிடுதல்.
• நான்கு விடைகளையும் படித்து, உறுதியாகத் தவறானவற்றை நீக்குதல்.
• ‘எப்போதும்’, ‘மட்டுமே’ போன்ற சொற்கள் உள்ள கூற்றுகளைக் கூடுதல் கவனத்துடன் ஆராய்தல்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக்கூடாது என்ற நம்பிக்கை மாணவரிடையே உள்ளது. ஜஸ்டின் குரூகர் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றப்பட்ட விடைகளுள் தவறிலிருந்து சரியானவையே மிகுதியாக இருந்தன. தெளிவான காரணம் தோன்றினால் மாற்றுவதே முறை.

நுழைவு, போட்டித் தேர்வுகளில் விதிகள் வேறுபடுகின்றன. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 கழிக்கப்படும். நான்கில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் விடையளிப்பது ஆதாயமானது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வில் மனத்திறன், படிப்பறிவு ஆகிய இரு தாள்களிலும் 90 வினாக்கள் வீதம் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தவறான விடைக்குக் கழிவு இல்லை. தேர்வு பெறுவோருக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது.

தேர்வு அறையில் நேரப் பங்கீடு

சமூக அறிவியல் தாளுக்கு ஒரு மாதிரிப் பங்கீடு: ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 30 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 80 நிமிடம், எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 35 நிமிடம். மீதமுள்ள 20 நிமிடத்தில் வினா எண்கள், கட்டாய வினா, வரைபடக் குறிப்புகள், விடுபட்ட ஒரு மதிப்பெண் வினாக்கள் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம்.

ஒரு நெடுவினாவை அழகுற எழுதி, மற்றொன்றைத் தொடாமல் விடுவது பரவலான தவறாகும். எட்டு மதிப்பெண் வினாவில் ஆறைத் தாண்டி ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கூட்டுவது கடினம். தொடாத ஐந்து மதிப்பெண் வினாவில் முதல் இரண்டைப் பெறுவது எளிது. நேரம் முடியும் தறுவாயில் முழு வாக்கியங்களுக்குப் பதில் குறிப்புகளாகவேனும் எழுதிவிட வேண்டும்.

எல்லையின் இருபுறமும்

தமிழ்நாட்டில் 2007–08 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவின் தனியார் பொறியியல் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர், கோமெட்-கே தேர்வில் 3 மணி நேரத்தில் 180 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதும் திறனும், மறுபக்கம் விரைந்து தெரிவு செய்யும் திறனும் வாயிலாக அமைகின்றன. இரண்டையும் ஒரே ஆண்டில் எதிர்கொள்ளும் மாணவர், பொதுத்தேர்வுக்கான பாடப் புரிதலை முதலில் உறுதிசெய்து, அதன்மேல் வேகப் பயிற்சியைச் சேர்ப்பதே பயனுள்ள வரிசையாகும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், தொழிற்பயிற்சி நிலையத்தின் பல பிரிவுகளுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்கும் அடிப்படைத் தகுதியாகும். தேர்ச்சி பெறாதவர்கள் பொதுத்தேர்வு முடிவுக்குப் பின் நடைபெறும் துணைத் தேர்வை எழுதி, அதே கல்வியாண்டில் படிப்பைத் தொடரலாம். அவர்கள் எந்த வகை வினாவில் மதிப்பெண் இழந்தனர் என்பதை முதலில் கண்டறிவது, முழுப் பாடத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து படிப்பதைவிட விரைவில் பயன் தரும். எழுத நேரம் போதவில்லை என்றால் நேரம் குறித்த பயிற்சியும், மொழி தடுத்தது என்றால் கலைச்சொற்களும் சிறு வாக்கியங்களும், பாடமே புரியவில்லை என்றால் ஆசிரியரின் உதவியும் தேவைப்படும்.